கம்பஸ் கிடைக்காவிட்டால் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) இருக்கிறது

ஏ.எல். முடிவோடு வீட்டுக்குள் முடங்கிவிடும் தம்பி தங்கைகளே, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வாகனம், மின்சாரம், கட்டுமானம் எல்லாம் அங்கே கற்பிக்கிறார்கள்.

கராஜில் பல வருடமாக எஞ்சினைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பவரா? முழுப் பயிற்சியும் தேவையில்லை. அனுபவத்தை மட்டும் சோதித்தே என்.வி.கியூ. சான்றிதழ் தரும் முறை இருக்கிறது. தொழிற்பயிற்சிக்கான அரச நிறுவனமான நைட்டாவின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். நிலை 4 கிடைத்தால் முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளி. சம்பளம் பேசும்போது அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.

அதற்கு இன்றே ஆயத்தப்படுத்துங்கள்: முதலாளியிடம் சேவைக் கடிதம் வாங்குங்கள், செய்த வேலைகளைத் திகதியோடு ஃபோனில் படமெடுத்து வையுங்கள். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.