தேசிய மாணவர் மதிப்பீட்டின் ஒப்புதல் கோப்பைப் படித்துக் கருத்து எழுதுவது எப்படி?

அமெரிக்காவில் 1969 முதல் நடைபெற்றுவரும் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு, சுருக்கமாக ‘நேப்’, 4, 8, 12ஆம் வகுப்புகளிலிருந்து மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மாணவர்களிடம் நடத்தப்படுகிறது. இதை நடத்தும் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம் அரசின் கல்வித் துறையைச் சேர்ந்த ஓர் அங்கமே என்றாலும், தான் நினைத்தபடி வினாநிரல்களைப் பள்ளிகளுக்கு அனுப்பிவிட முடியாது. 1980இல் இயற்றப்பட்டு 1995இல் மாற்றியமைக்கப்பட்ட காகிதப்பணிக் குறைப்புச் சட்டத்தின்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரிடம் ஒரே கேள்விகளைக் கேட்கும் நடுவண் அரசுத் துறை, அதிபரின் நிர்வாக அலுவலகத்தைச் சேர்ந்த மேலாண்மை மற்றும் வரவுசெலவுத் திட்ட அலுவலகத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். அந்த ஒப்புதலுக்கு முன்பு பொதுமக்களின் கருத்தை இரண்டு முறை கேட்க வேண்டும் என்பதும் சட்டமே. அந்நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரும், அங்கு பணிபுரியும் ஆசிரியர்களும், கல்வி ஆய்வாளர்களும் இந்த வாய்ப்பைக் கைவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

முதலில், ஒப்புதல் கேட்டு அனுப்பப்படும் விண்ணப்பக் கோப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற ஒவ்வொரு தரவுச் சேகரிப்புக்கும் ஒரு கட்டுப்பாட்டு எண் உண்டு. நேப் மதிப்பீட்டின் எண் 1850-0928. ‘ரெஜின்ஃபோ’ என்னும் அரசு இணையதளத்தில் இந்த எண்ணை இட்டுத் தேடினால், முந்தைய விண்ணப்பங்களும் அவற்றின் மீதான முடிவுகளும் வரிசையாகக் கிடைக்கும். புதிய கேள்விகளைச் சிறு எண்ணிக்கையிலான மாணவர்களிடம் சோதித்துப் பார்க்கும் முன்னோட்ட ஆய்வுகளுக்கு 1850-0803 என்ற வேறொரு பொது ஒப்புதல் இருப்பதால், அடுத்த சில ஆண்டுகளில் என்னென்ன கேட்கப்படலாம் என்று அறிய விரும்புவோர் அதையும் பார்க்கலாம்.

கோப்பைத் திறந்தவுடன் கணித, வாசிப்புத் தேர்வுக் கேள்விகளைத் தேடுவோர் ஏமாற்றமடைவார்கள். ஒருவரின் அறிவையோ திறனையோ சோதிக்கும் தேர்வுகள் இச்சட்டத்தின் விதிகள் வரையறுக்கும் ‘தகவல்’ என்பதில் அடங்குவதில்லை. எனவே ஒப்புதல் தேவைப்படுவது தேர்வுக்குப் பிறகு மாணவர்களுக்குத் தரப்படும் வினாநிரலுக்கும், ஆசிரியர்களும் பள்ளித் தலைமையும் நிரப்பும் வினாநிரல்களுக்கும், பள்ளிகள் செய்துதர வேண்டிய ஆயத்தப் பணிகளுக்கும்தான். குழந்தையின் வீட்டைப் பற்றியும் பழக்கங்களைப் பற்றியும் கேட்கப்படுபவை இந்த வினாநிரல்களில்தான் இருக்கின்றன என்பதால், நான் எப்போதும் பின்னிணைப்பில் உள்ள அவற்றிலிருந்தே படிக்கத் தொடங்குவேன். வீட்டில் எத்தனை புத்தகங்கள் உள்ளன என்ற கேள்வி குடும்பத்தின் பொருளாதார நிலையை மறைமுகமாக அறிவதற்கானது. பெற்றோரின் கல்வித் தகுதியைப் பற்றி 8, 12ஆம் வகுப்பு மாணவர்கள் சொல்வதே அறிக்கைகளில் பயன்படுகிறது. நான்காம் வகுப்புக் குழந்தைகளின் பதில் அதற்கு நம்பத்தக்கதாக இருப்பதில்லை. ஒவ்வொரு கேள்வியையும் இந்த வயதுக் குழந்தையால் சரியாகப் பதிலளிக்க முடியுமா, இந்தப் பதில் கல்விநிலையை மதிப்பிட உண்மையிலேயே தேவையா என்ற இரண்டு அளவுகோல்களால் பார்க்க வேண்டும். தனிப்பட்ட அல்லது குடும்ப நம்பிக்கைகளையும் மனப்பான்மைகளையும் மதிப்பிடுவதை நேப் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்கிறது. ஏதேனும் ஒரு கேள்வி அந்த எல்லையை நெருங்குவதாகத் தோன்றினால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, விண்ணப்பத்துடன் வரும் விளக்க அறிக்கையின் முதற்பகுதிக்குச் செல்லலாம். பதினெட்டுக் கேள்விகளுக்கான பதில்களாக அமைந்த இப்பகுதியில், பன்னிரண்டாம் பதிலில் ‘சுமை’ கணக்கு, அதாவது பதிலளிக்க ஆகும் நேரத்தின் கணக்கு, இருக்கும். பதிலளிப்போரின் எண்ணிக்கையை ஒவ்வொருவருக்கும் ஆகும் நிமிடங்களால் பெருக்கி, அறுபதால் வகுத்தால் மொத்த மணிநேரம் கிடைக்கும். இந்த அட்டவணையில் பள்ளி ஒருங்கிணைப்பாளருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுமையாகப் பாருங்கள். மாணவர் பட்டியலைச் சரிபார்ப்பதும், பெற்றோருக்குத் தெரிவிப்பதும், அறைகளை ஏற்பாடு செய்வதும் அவர் பொறுப்பு. அந்தப் பணியைச் செய்தவர் ஒருவர் தமக்கு உண்மையில் ஆன நேரத்தை எழுதினால், அது எந்தப் பொதுவான எதிர்ப்பையும் விட வலுவான சான்றாக நிற்கும். இரண்டாம் பகுதி மாதிரித் தேர்வு முறையையும் புள்ளியியல் முறைகளையும் விளக்குகிறது. புள்ளியியல் பயின்றவர்கள் அல்லாதோர் அதை மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

கருத்து தெரிவிக்கும் முதல் வாய்ப்பு, ஃபெடரல் ரெஜிஸ்டர் என்னும் அரசிதழில் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 60 நாட்கள். இக்காலத்தில் கருத்துகள் ‘ரெகுலேஷன்ஸ்’ இணையதளம் வழியாகக் கல்வித் துறைக்குச் செல்கின்றன. வினாநிரல் இன்னும் துறையின் கையிலேயே இருப்பதால், மாற்றம் வேண்டுவோர் இந்தக் கட்டத்திலேயே எழுதிவிடுவது நல்லது. இத்தகவல் அவசியமா, உரிய காலத்தில் பயன்படுத்தப்படுமா, சுமைக் கணக்கு சரியானதா, தரத்தையும் தெளிவையும் எவ்வாறு கூட்டலாம், சுமையை எவ்வாறு குறைக்கலாம் என்று கல்வித் துறையின் அறிவிப்பே கேட்கிறது. உங்கள் கருத்தை இவற்றில் ஒன்றோடு இணைத்து, கேள்வியின் எண்ணையும் நீங்கள் பரிந்துரைக்கும் மாற்று வாசகத்தையும் சேர்த்து எழுதுங்கள். கருத்துகள் பொது ஆவணமாகும் என்பதால் குழந்தையின் பெயரையோ பள்ளியின் பெயரையோ குறிப்பிட வேண்டாம்.

இரண்டாவது வாய்ப்பு, விண்ணப்பம் மேலாண்மை அலுவலகத்துக்கு அனுப்பப்படும்போது வெளியாகும் 30 நாள் அறிவிப்பு. அந்த அலுவலகம் 60 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் அது அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். 30 நாள் அறிவிப்பு வெளியானதும், திருத்தப்பட்ட கோப்பில் முதற்பகுதியின் எட்டாம் பதிலைத் திறந்து பாருங்கள். முதல் சுற்றில் வந்த கருத்துகளின் சுருக்கமும், அவற்றின் மீது துறை எடுத்த நடவடிக்கையும் அங்கே இருக்கும். உங்கள் கருத்துக்குக் காரணம் சொல்லாமல் மறுப்பு மட்டும் தரப்பட்டிருந்தால், அதைச் சுட்டிக்காட்டி அந்த 30 நாட்களுக்குள் மேலாண்மை அலுவலகத்துக்கே நேரடியாக எழுதலாம்.