மருந்துக்கடையில் குறிப்பறிந்து பேசுவது எப்படி?

கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் நீங்கள், மாத்திரையை எப்படிப் போட வேண்டும் என்று சொல்லி முடித்து “புரிஞ்சுதா?” என்று கேட்டால், அநேகமாக எல்லோரும் “புரிஞ்சுதுங்க” என்றுதான் சொல்வார்கள். பின்னால் வரிசை நிற்கிறது. வெள்ளைக் கோட்டு போட்டவரிடம் புரியவில்லை என்று சொல்லவும் கூச்சம். அதனால் வாய் சொல்வதை நம்பாமல் ஆளைக் கவனியுங்கள்.

சீட்டை நீட்டும்போதே தொடங்கிவிடலாம். நீட்டுவது நோயாளியா, கூட வந்தவரா? வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் யாரோ, அவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் எழுத்து தெரியவில்லை; உறைமேல் பெரிதாக எழுதிக் கொடுங்கள். ஒரு காதை உங்கள் பக்கம் திருப்பினாலோ, உங்கள் உதட்டையே பார்த்தாலோ கத்தாதீர்கள். வயதாகும்போது பெரும்பாலும் முதலில் கேட்காமல் போவது கீச்சு ஒலிகள்தான். கத்தினால் குரல் மேலே ஏறும், சொல் இன்னும் குழம்பும். குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள்.

நீங்கள் முடிப்பதற்குள் “சரி சரி” வந்தால் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார் என்று வையுங்கள். பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். கண் பில்லிலேயே நின்றால் பணக்கவலை. “பத்து நாளைக்கு மட்டும் குடுங்க” என்பது அடுத்து வரும். விலை குறைந்த மாற்று உண்டா என்று டாக்டரிடம் கேட்கலாம் என்பதை அவர் வாய் திறக்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரே அறிகுறியை வைத்து முடிவு கட்டவும் கூடாது. கை கட்டி நிற்பவர் மரியாதைக்காக நிற்கலாம். பேச்சில் 93 சதவீதம் குரலும் முகமும்தான் என்று பயிற்சி வகுப்புகளில் ஓதுவார்கள். இந்தக் கணக்குக்கு மூலமான, உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகள் விருப்பு வெறுப்பை வெளிக்காட்டுவது பற்றியவை. மாத்திரை அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சந்தேகம் தீர, திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். பரீட்சை மாதிரி வேண்டாம்: “நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும்மா, வீட்டுல கேட்டா எப்படிச் சொல்வீங்க?”

மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டில் இதை ஒருநாளும் விடாதீர்கள். அது வாரத்தில் ஒரே நாள் போடுவது. தினமும் போட்டால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்து. கூடத் தரும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரையோடு மாறிப்போவதும் உண்டு. “வாரத்துக்கு ஒருநாள்” என்று ஒப்பித்தால் போதாது. எந்தக் கிழமை என்று கேளுங்கள். “செவ்வாய்க்கிழமை” என்று பட்டென வந்தால் சரி. பதில் சொல்லாமல் கூட வந்தவர் முகத்தை நோயாளி பார்த்தால் மனதில் பதியவில்லை.

இரண்டாம் முறையும் தப்பினால் அதே வாக்கியத்தை மூன்றாம் முறை ஓதிப் பயனில்லை. அந்த மாத்திரையைத் தனி உறையில் போட்டு, கிழமையை எழுதி, வீட்டில் இருப்பவரிடம் அங்கேயே போனில் பேசிவிடுங்கள்.