ஆக்சோலோட்டலின் செவுள் கெடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்ட வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே, மதியம் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்கு ஏறிவிடும். ஆக்சோலோட்டலோ மெக்சிகோவின் சொச்சிமில்கோ ஏரியில் பிறந்த, வாழ்நாள் முழுக்க நீரிலேயே இருக்கும் சாலமாண்டர் வகைப் பிராணி. 16 முதல் 18 டிகிரிதான் அதற்குச் சுகம். குளோரின் எடுப்பது, தண்ணீர் மாற்றுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேரே செவுளுக்கு வருகிறேன்.

படி 1: தினமும் பாருங்கள். தலைக்குப் பின்னால் பக்கத்துக்கு மூன்று கிளை, அதில் குஞ்சம் போல இழைகள். சும்மா கிடக்கும்போது வெளுத்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நீந்தினால் இரத்தம் ஏறிச் சிவக்கும். கிளைகள் முன்பக்கமாக வளைந்தே நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

படி 2: சூடு. நான் சறுக்கியது இங்கேதான். ஐஸ் கட்டிய போத்தலைக் காலையில் தொட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போவேன். தண்ணீர் 21-க்கு இறங்கும். போத்தல் கரைந்ததும் மாலைக்குள் பழையபடி 28. ஒவ்வொரு நாளும் இந்த ஏற்ற இறக்கம். மூன்றாவது வாரம் செவுள் நுனியில் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை. அந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறைவு, அமோனியாவின் நச்சும் கூடுதல். இரண்டும் முதலில் தாக்குவது செவுளைத்தான்.

பிறகு தொட்டி மேல் மேசை விசிறி வைத்தேன். நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு மூன்று டிகிரிதான் குறைந்தது. ஆகவே சொல்கிறேன்: சில்லர், அதாவது தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம், வாங்கப் பணம் சேர்த்த பிறகே இந்தப் பிராணியை வாங்குங்கள்.

படி 3: நீரோட்டம். வேகமான பம்ப் வேண்டாம். ஓட்டம் அடித்துக்கொண்டே இருந்தாலும் செவுள் முன்னே வளையும். மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் பில்டர் (பஞ்சு வடிகட்டி)தான் என் தேர்வு.

படி 4: சோதனை. கழிவால் தண்ணீரில் சேரும் நச்சுகள் இரண்டும் இருக்கவே கூடாது: அமோனியா 0, நைட்ரைட் 0. காகிதப் பட்டைச் சோதனையை நான் நம்புவதில்லை, எடுத்த தண்ணீரில் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனைதான். புதுத் தொட்டி பக்குவப்பட, அதாவது இந்த நச்சுகளை மாற்றும் நல்ல பாக்டீரியா வளர, நான்கிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். அதுவரை பிராணியை உள்ளே விடாதீர்கள். சின்ன மீன்களை அதனுடன் எப்போதுமே விடாதீர்கள், செவுளைக் கடித்துத் தின்னும்.

படி 5: பூஞ்சை வந்துவிட்டால், ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் அயோடின் சேர்க்காத உப்பு இரண்டு தேக்கரண்டி. தனி டப்பாவில் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. எங்களுடையதற்கு நான்காம் நாள் பஞ்சு உதிர்ந்தது. போன இழைகள் மெல்ல மெல்லத் திரும்ப முளைத்தன.

தீனிக்கு மண்புழுவை மிஞ்சியது இல்லை. ஆனால் செம்பனைக் காட்டில் தோண்டாதீர்கள்; அங்கே களைக்கொல்லி அடித்திருப்பார்கள். நான் கொல்லையில் பழைய வாளியில் வளர்க்கிறேன்.

பின்சேர்க்கை: சில்லர் போட்டும் தண்ணீர் குளிரவில்லை என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். விசாரித்தால், அதை மூடிய அலமாரிக்குள் வைத்திருக்கிறார். சில்லர் வெளியே விடும் சூடு அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.