கிராமத்து ஓட்டைக் கணக்குப் போடும்போது செய்யக்கூடாத தவறுகள்

ரிசல்ட் வந்த மறுநாளே "கொங்கு இந்தக் கட்சியின் கோட்டை", "தருமபுரி எப்பவும் அந்தப் பக்கம்தான்" என்று அடித்துச் சொல்ல ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். பொள்ளாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 மக்களவைத் தேர்தலில் அங்கே ஜெயித்தது திமுக. 2021 சட்டமன்றத் தேர்தலில் அந்த மக்களவைத் தொகுதிக்குள் வரும் உடுமலை, மடத்துக்குளம், வால்பாறை உட்பட ஆறு தொகுதிகளும் அதிமுகவுக்குப் போயின. 2024-ல் மறுபடி திமுக. இதில் எது கோட்டை? டெல்லிக்கு ஒரு கணக்கு, கோட்டைக்கு (சென்னைக் கோட்டையைச் சொல்கிறேன்) ஒரு கணக்கு என்று போடும் ஊரில், ஒரு தேர்தலை மட்டும் வைத்து மனசைப் படிக்கப் பார்ப்பதுதான் முதல் தவறு.

அதற்காக எதிர்ப்பக்கம் ஓடிவிடவும் கூடாது. 2019 ஏப்ரல் 18 அன்று தருமபுரி மக்களவைத் தேர்தலோடு பாப்பிரெட்டிப்பட்டிக்கும் அரூருக்கும் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தது. மக்களவையில் அதிமுக கூட்டணியில் நின்ற பாமகவின் அன்புமணியைத் திமுக தோற்கடித்தது, ஆனால் இரண்டு இடைத்தேர்தலிலும் அதிமுக ஜெயித்தது. உடனே "பாருங்க, ஜனங்க ஓட்டைப் பிரிச்சுப் போட்டாங்க" என்று எழுதிவிடலாம்தான். ஆனால் மக்களவை முடிவில் மேட்டூர், பென்னாகரம் என்று இன்னும் நான்கு தொகுதிகளின் ஓட்டும் கலந்திருக்கிறது. அதனால் அரூரில் மட்டும் மக்களவைக்கு விழுந்த ஓட்டைத் தனியாக எடுத்து, அதே அரூரின் இடைத்தேர்தல் ஓட்டோடு வைத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். வாக்குச்சாவடி வாரியான கணக்கு படிவம் 20 என்ற இறுதி முடிவுத் தாளில் இருக்கிறது, அலுப்பான வேலைதான்.

சின்னத்தைப் பார்த்துக் கட்சியின் பலத்தை அளப்பது இன்னொன்று. 2019-ல் நாமக்கல்லில் ஜெயித்தவர் கொங்குநாடு மக்கள் தேசிய கட்சிக்காரர், நின்றது உதயசூரியனில். அந்த ஓட்டு முழுவதும் திமுக கணக்கில் ஏறிவிடும், கொமதேகவுக்குச் சொந்தமாக எவ்வளவு என்று அதிலிருந்து பிரித்தெடுக்கவே முடியாது.

உள்ளாட்சி இன்னும் மோசம். ஊரகப் பகுதியில் ஒருவருக்கு நான்கு ஓட்டு, அதில் ஊராட்சித் தலைவருக்கும் கிராம வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னமே கிடையாது. ஒன்றிய கவுன்சிலரும் மாவட்டக் கவுன்சிலரும்தான் கட்சிச் சின்னத்தில் நிற்கிறார்கள். பங்காளிச் சண்டை, கோயில் வரி, குடிதண்ணீர் என்று ஆயிரம் சேர்ந்து முடிவாகும் தலைவர் பதவியை "எங்கள் கட்சி பிடித்தது" என்று இரண்டு தரப்பும் போஸ்டர் ஒட்டும். சரி, ஒட்டட்டும், நாம் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அப்புறம் சாதிச் சதவீதம். டிவியில் ஒவ்வொரு தொகுதிக்கும் இந்தச் சாதி இத்தனை சதவீதம் என்று புள்ளி வைத்துச் சொல்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது? எல்லாச் சாதிகளையும் தலை எண்ணிக் கடைசியாக வெளிவந்த சென்சஸ் கணக்கு 1931-ல் எடுத்தது. பட்டியல் சாதி, பழங்குடி எண்ணிக்கை மட்டும்தான் அதற்குப் பிந்தைய சென்சஸ்களில் கிடைக்கும், மற்றதெல்லாம் கட்சிக்காரர்களின் மதிப்பீடு. ஒரு சாதி நிறைய இருக்கும் சாவடியில் ஒரு கட்சி முந்தினால், அந்தச் சாதியே அங்கே போட்டது என்றும் சொல்ல முடியாது. அதே சாவடியில் மற்றவர்களும்தானே வரிசையில் நின்றார்கள்.

சாவடி எண்ணை மட்டும் நம்பி இரண்டு தேர்தலை ஒப்பிடாதீர்கள், எண் மாறியிருக்கலாம், ஒரு தெருவே பக்கத்துச் சாவடிக்குப் போயிருக்கலாம். முதலில் வாக்காளர் பட்டியலில் ஊர்ப்பெயரைச் சரிபாருங்கள்.