கிலக்கி எழுதிப் பழக, ஹட்டனிலிருந்து

ஈரானில் காஸ்பியன் கரையோரம் இருக்கிறது கிலான். லாஹிஜான் பக்கம் நம்மைப் போலத் தேயிலைக்காரர்கள். அவர்கள் பேசும் கிலக்கியை எழுதப் பெரும்பாலும் பாரசீக எழுத்துதான்: 32 எழுத்து, வலமிருந்து இடம்.

மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. அரபியின் 28 தெரிந்தால் ப (p), ச (ch), க (g) போன்ற ஒலிகளுக்குப் பாரசீகம் சேர்த்த நான்கு மட்டும் பாக்கி. மற்றவர்கள் ஒற்றை ரூல் கொப்பியும் பென்சிலும் எடுங்கள். பேனை வேண்டாம், இந்த மழை ஈரத்தில் தாளெல்லாம் ஊறிவிடும்.

அகரவரிசையை மனப்பாடம் செய்து நாளைக் கடத்தாதீர்கள். நேரே 'கீலான்' என்று எழுதுங்கள். முதலில் காஃப் (அந்த நான்கில் ஒன்றான g), தலையில் இரண்டு சாய்கோடு. கையை எடுக்காமல் 'யே'க்கு ஒரு சின்னப் பல், அடியில் இரண்டு புள்ளி. பிறகு லாம் உயரும், அலிஃப் ஒட்டும். அங்கே கையை எடுக்க வேண்டும். அலிஃப் அடுத்த எழுத்தோடு சேராது. கடைசி நூன் தனியாக, கிண்ணமும் மேலே புள்ளியும். இப்படி முன்னே ஒட்டாதவை மொத்தம் ஏழு.

தொல்லை உயிரொலியில்தான். குறில்களைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். அ-வும் எ-யும் அல்லாத ஒரு மங்கலான ஒலி கிலக்கியில் அடிக்கடி வரும். அதற்குச் சிலர் எழுத்தின் மேல் குட்டி ஆங்கில 'V' போடுவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். ஒரே முறை என்று இல்லை. எனக்குக் குறி போடுவதே பிடிக்கும்.

போனில் பாரசீக விசைப்பலகையைப் போடுங்கள், அரபியை அல்ல.