கடலோரத்தில் பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பழைய மாருதி 800, ஆல்டோ பார்க்கப் போனால் எஞ்சின் அப்புறம், முதலில் துரு. உப்புக்காற்று அடியிலிருந்துதான் அரிக்கும். உள்ளே காலடியில் விரித்திருக்கும் மேட்டைத் தூக்கித் தரைத்தகடு, ஜாக்கி வைக்கும் இடம், டிக்கியில் ஸ்டெப்னி குழி எல்லாவற்றையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். கதவின் அடிவிளிம்பில் காந்தம் ஒட்டவில்லையா? பெயின்டுக்கு அடியில் துருவை மறைக்கப் பூசிய பட்டி.

எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யுங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடிக்கடியில் மோர் போல நுரை கட்டியிருந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) மேல் சந்தேகப்படலாம்.

பிஒய் (புதுச்சேரிப் பதிவு) எண் வண்டி மலிவாகத் தெரியும். கடலூரிலேயே வைத்து ஓட்டுவதென்றால் என்ஓசி (ஆட்சேபணை இல்லைச் சான்று), தமிழ்நாட்டுச் சாலை வரி, டிஎன் 31 (கடலூர் எண்) மறுபதிவு எல்லாவற்றையும் விலையோடு கூட்டுங்கள். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பித்தாலும் 5 ஆண்டுதான்.