'நெரொஸும்னீ' என்றால் 'அன்ரீசனபிள்' தானா?

செக் மொழியில் 'ரொஸும்' என்றால் புத்தி, விவேகம். அதிலிருந்து வரும் பெயரடை 'ரொஸும்னீ'. முன்னால் 'நெ' சேர்ந்தால் எதிர்மறை: நெரொஸும்னீ, அதாவது விவேகமற்ற. இதை ஆங்கிலத்தில் எழுதும்போது பலரும் அகராதியில் கண்ணில் படும் 'அன்ரீசனபிள்' என்ற சொல்லை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான்.

மூன்று நாள் வேலையை ஒரே நாளில் முடிக்கச் சொல்லும் மேலாளரை ஆங்கிலத்தில் அன்ரீசனபிள் என்பார்கள். அவருக்குப் புத்தியில்லை என்பதல்ல, அவர் கேட்பதில் நியாயமில்லை என்பதே அங்கே பொருள். செக் சொல் பெரும்பாலும் புத்தியின் பக்கம்தான் சாய்கிறது. செக் நாட்டின் மிக உயரமான மலை ஸ்னியெஷ்கா, 1,603 மீட்டர். கடும் பனிக்காலத்தில் சாதாரண செருப்போடு அதில் ஏறுவது நெரொஸும்னீ. இதை அன்ரீசனபிள் என்று எழுதினால், யாருக்கு என்ன அநியாயம் நடந்தது என்று படிப்பவர் குழம்புவார். 'அன்வைஸ்' அல்லது 'ஃபூலிஷ்' என்றால் சரியாக உட்காரும்.

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. தமிழில் 'நியாயமில்லாத', 'புத்தியில்லாத' என்று இரண்டு சொற்கள் தனித்தனியாகவே இருக்கின்றன. வாக்கியத்தை முதலில் மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நியாயமில்லாத' பொருந்தினால் மட்டும் அன்ரீசனபிள். கோரிக்கை, நிபந்தனை போன்றவற்றோடு அது பொருந்தும்.

அப்புறம் 'ஸ்டூப்பிட்'. அது வேண்டாம். அதற்குச் செக்கில் 'ஹ்லோபீ' என்று தனிச் சொல்லே இருக்கிறது. நெரொஸும்னீ ஒருவரின் அறிவைப் பழிப்பதில்லை, அந்த நேரத்து முடிவைத்தான் குறை சொல்கிறது. கெட்டிக்கார மருத்துவரும் தன் உடம்பைப் பற்றி விவேகமில்லாத முடிவு எடுக்கலாம், இல்லையா?

சொல்லைப் பிரித்து 'சென்ஸ்லெஸ்' என்று போடுவதும் உண்டு. ஆங்கிலத்தில் அது அர்த்தமற்ற வன்முறைக்கும், நினைவிழந்து கிடப்பவருக்கும் வரும் சொல்.

எதிர்ச்சொல்லிலும் கவனம் தேவை. ரொஸும்னீ என்பதற்கு 'சென்சிபிள்' நல்ல மொழிபெயர்ப்பு. ஆனால் கேட்க அதே மாதிரி இருக்கும் 'சென்ஸிபில்னீ' என்ற செக் சொல், எளிதில் மனம் நோகிற, நுண்ணுணர்வுள்ள ஆளைக் குறிப்பது. அதற்கு ஆங்கிலத்தில் 'சென்சிட்டிவ்' என்றுதான் எழுத வேண்டும்.